பழைய மின்சாரக் காரை வாங்கி பெங்களூரிலிருந்து கோவைக்கு ஓட்டி வர: சார்ஜ் போடும் முழு வழிகாட்டி

பழைய மின்சாரக் கார் வாங்கினால், அதை வீட்டுக்கு ஓட்டி வரும் முதல் பயணம்தான் கடினம். பேட்டரியில் இன்னும் எவ்வளவு கொள்ளளவு மிச்சம், திரையில் காட்டும் சதவீதத்தை எவ்வளவு நம்பலாம், கூடவே வந்த சார்ஜிங் கேபிள் ஒழுங்காக வேலை செய்யுமா என்பதெல்லாம் அப்போது உங்களுக்குத் தெரியாது. மூன்று மாதம் ஓட்டியபின் இதே தூரம் சாதாரணமாகிவிடும். அதுவரை பிடித்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான்: முதல் சார்ஜை ஒரு பரிசோதனையாக எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இறங்கியபின் சார்ஜரைத் தேடாதீர்கள். அந்தச் சார்ஜர் வேலை செய்யாவிட்டாலும் அடுத்ததற்குப் போய்ச் சேர முடிகிற நிலையிலேயே நிறுத்திப் போட்டுப் பாருங்கள். கீழே உள்ள திட்டம் முழுக்க இந்த விதியை வைத்துத்தான் போடப்பட்டது.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது 2020 ஜனவரியில் அறிமுகமான டாடா நெக்ஸான் ஈ.வி.யின் 30.2 கிலோவாட்-மணி, அதாவது 30.2 யூனிட் கொள்ளும் பேட்டரி மாடல். பழைய கார் சந்தையில் எளிதாகக் கிடைப்பது இதுதான். பாதை: பெங்களூர், ஒசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், பெருந்துறை, கோவை, ஏறத்தாழ 360 கிலோமீட்டர். வேறு கார், வேறு ஊர் என்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மாற்ற வேண்டாம்.

பணம் முழுவதும் கொடுப்பதற்கு முன்

ஆர்.சி., உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30, வேறு மாநிலப் பதிவு என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று ஆகியவை எந்தப் பழைய காருக்கும் உள்ளவை. அவற்றைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லவில்லை. மின்சாரக் காருக்கென்று கூடுதலாகப் பார்க்க வேண்டியவை இவை.

முதலில் காரின் சார்ஜிங் சாக்கெட். நெக்ஸானில் பெட்ரோல் மூடி இருக்கும் இடத்திலேயே இது இருக்கும். திறந்தால் மேலே ஏழு துளை கொண்ட வட்டமும் அதன் கீழே இரண்டு பெரிய துளைகளும் தெரிய வேண்டும். இதுதான் சி.சி.எஸ். 2 என்ற சாக்கெட் வகை. நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். டாக்ஸி நிறுவனங்களில் ஓடிய பழைய டிகோர் ஈ.வி., இ-வெரிட்டோ போன்றவற்றில் வேறு சாக்கெட் இருக்கும். அது 15 கிலோவாட் அளவிலான பழைய பாரத் டி.சி. சார்ஜர்களுக்கானது. அத்தகைய சார்ஜர்கள் நெடுஞ்சாலையில் அரிது. விலை குறைவாக இருக்கிறதே என்று அப்படி ஒரு காரை வாங்கி 360 கிலோமீட்டர் ஓட்டிவர முயலாதீர்கள், லாரியில் ஏற்றி அனுப்புங்கள். அதோடு சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு பின் கறுத்தோ, பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் எங்கோ சூடேறியிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, காரோடு வரும் 15 ஆம்ப் போர்ட்டபிள் கேபிள். விற்பவர் "வீட்டில் இருக்கிறது, பிறகு அனுப்புகிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வழியில் எல்லாச் சார்ஜரும் கைவிட்டால் உங்களிடம் மிச்சம் இருப்பது அது மட்டும்தான். கையில் வாங்கி, பிளக் பின்கள் கறுக்காமல் இருக்கிறதா, கேபிளில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, பேட்டரியின் உடல்நிலை. அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கணினியை இணைத்துப் பார்த்தால் எஸ்.ஓ.ஹெச். என்ற எண்ணும் (புதிதில் இருந்த கொள்ளளவில் எத்தனை சதவீதம் மிச்சம் என்பது), பழுதுக் குறிகளும், பேட்டரிக்குள் உள்ள செல்களுக்கு இடையேயான வோல்டேஜ் வித்தியாசமும் தெரியும். அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாடலுக்கு பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை. கணக்கு தொடங்குவது முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. அது உங்கள் பெயருக்கு மாறுவதற்கு என்ன வேண்டும் என்பதை அங்கேயே கேட்டுவிடுங்கள்.

நான்காவது, பலர் மறந்துவிடும் 12 வோல்ட் சிறிய பேட்டரி. காரின் கணினிகளை எழுப்புவதும், பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்சை இயக்குவதும் இதுதான். கார் விற்பனைக்காக வாரக்கணக்கில் சும்மா நின்றிருந்தால் இது வடிந்திருக்கும். பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தும் கார் எழாது, சார்ஜும் ஏறாது. மல்டிமீட்டரில் பாருங்கள்: கார் அணைந்து சில மணி நேரம் கழித்து 12.4 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. கார் ஓடும் நிலையில் 13.5-க்கு மேல் இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் பழையது என்றால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுவது நல்லது. மொத்தப் பயணத்தில் மிக மலிவான காப்பீடு அது.

முந்தைய நாள்: இரண்டு சார்ஜ், இரண்டு சோதனை

முந்தைய நாள் மதியமே காரைக் கையில் வாங்கிவிடுங்கள். வாங்கிய அன்றே கிளம்பாதீர்கள்.

முதல் சோதனை ஃபாஸ்ட் சார்ஜர். பெங்களூரில் ஏதாவது ஒரு டி.சி. சார்ஜருக்கு (ஃபாஸ்ட் சார்ஜரின் இன்னொரு பெயர்) போய் 15 நிமிடம் போடுங்கள். இரண்டு வெவ்வேறு தயாரிப்புச் சார்ஜர்களில் போட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் கன்னை (சார்ஜர் கேபிளின் முனையில் உள்ள கைப்பிடியை) காரில் மாட்டியதும் காரும் சார்ஜரும் முதலில் தகவல் பரிமாறி, மின்கசிவு சோதனை செய்து, பிறகுதான் மின்சாரத்தைத் திறக்கும். இந்தப் பேச்சுவார்த்தை சில சார்ஜர்களில் சரியாக நடக்கும், சிலவற்றில் அறுந்துபோகும். ஒன்றில் தோற்றால் அது சார்ஜரின் கோளாறாக இருக்கலாம். இரண்டிலும் தோற்றால் காரில்தான் ஏதோ இருக்கிறது. விற்றவர் அதே ஊரில் இருக்கும்போதே இது தெரிந்துவிடுவது நல்லது.

திரையில் 25 கிலோவாட் என்று மட்டும் காட்டினால் பதற வேண்டாம். இந்தக் கார் எடுத்துக்கொள்வதே ஏறத்தாழ 25 முதல் 30 கிலோவாட் வரைதான். நிறுவனம் சொல்லும் கணக்கும் 80 சதவீதத்துக்கு 60 நிமிடம். சார்ஜரில் 60 என்றோ 120 என்றோ எழுதியிருந்தாலும் வேகத்தைத் தீர்மானிப்பது கார். ஆகவே ஒரே இடத்தில் 30 கிலோவாட் சார்ஜரும் 120 கிலோவாட் சார்ஜரும் இருந்தால் 30-இல் போடுங்கள். உங்களுக்கு நேரம் ஒன்றும் அதிகமாகாது, பெரிய பேட்டரிக் கார்காரருக்கு வழி கிடைக்கும். வேகம் 10-க்குக் கீழே இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். பேட்டரி அதிகச் சூடா, 90 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இன்னொரு சார்ஜரில் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது சோதனை, இரவு முழுக்க 15 ஆம்ப் பிளக்கில் மெதுவான சார்ஜ். தங்கும் இடத்தை இதற்காகவே தேர்ந்தெடுங்கள். முன்கூட்டிப் பேசி, கார் நிற்கும் இடத்திலேயே 15 ஆம்ப் பிளக் உண்டா என்று உறுதி செய்யுங்கள். இந்த மாடலின் உள்சார்ஜர், அதாவது காருக்குள்ளேயே உள்ள சார்ஜர், 3.3 கிலோவாட். மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். 30 சதவீதத்தில் இரவு 9 மணிக்குப் போட்டால் விடியற்காலை 4, 5 மணிக்கு நிரம்பும்.

மெதுவாக 100 வரை ஏற்றுவதற்குக் காரணம் உண்டு. இந்தக் காரில் உள்ளது போன்ற எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியில் 20 முதல் 90 சதவீதம் வரை வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எனவே இடைப்பட்ட சதவீதத்தைக் கார் ஊகித்துத்தான் காட்டுகிறது. முழுவதும் நிரம்பும்போதுதான் அந்த ஊகம் திருத்தப்படும். செல்களின் ஏற்றத்தாழ்வும் அப்போதுதான் சமப்படும். பழைய உரிமையாளர் மாதக்கணக்கில் 80-ஐத் தாண்டாமலே ஓட்டியிருந்தால், திரையில் உள்ள 40 உண்மையில் 30-ஆகவும் இருக்கலாம். 100 தொட்ட பிறகும் கேபிளை உடனே பிடுங்காமல் அரைமணி நேரமாவது விட்டுவைக்கவும்.

15 ஆம்ப் பிளக்கை நம்பும் முன்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். மெதுவான சார்ஜில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை எர்த்தில்தான் தொடங்குகின்றன. உயிருக்கு ஆபத்தானதும் அதுதான்.

மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 210 முதல் 240 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 5 வோல்ட்டுக்குள், 2-க்குள் இருந்தால் நன்று. இரண்டாவது அளவு 100, 120 என்று தள்ளாடினாலோ, மூன்றாவது 20, 30 என்று வந்தாலோ எர்த் இல்லை அல்லது பெயருக்குத்தான் இருக்கிறது. போர்ட்டபிள் பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டிச் சார்ஜ் ஏற்ற மறுக்கும். மறுப்பது அதன் கடமை.

அப்போது யாராவது ஒரு எலக்ட்ரீஷியன் "எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துவிட்டால் ஏறிவிடும்" என்பார். ஏறும்தான். ஆனால் அந்தக் கட்டடத்தின் நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால், அந்த நொடியே காரின் இரும்பு உடல் முழுக்க 230 வோல்ட் வந்துவிடும். வெறுங்காலோடு கதவைத் தொடும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். எக்காரணம் கொண்டும் இதற்கு இடம் தராதீர்கள். சிவப்பு விளக்கை ஏமாற்றவென்றே விற்கும் அடாப்டர்களும் இதே ஆபத்துதான். வேறு பிளக் தேடுங்கள், இல்லையென்றால் ஃபாஸ்ட் சார்ஜரிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

எக்ஸ்டென்ஷன் பெட்டி தவிர்க்க முடியாததென்றால் 15 ஆம்ப் பிளக்கும் சாக்கெட்டும், 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியும் குறைந்தபட்சம். 15 மீட்டரைத் தாண்டினால் 4 சதுர மில்லிமீட்டர். கம்பியைச் சுருட்டி வைக்காமல் முழுவதும் விரித்துப் போடுங்கள். டிவிக்கும் மிக்சிக்கும் பயன்படுத்தும் 6 ஆம்ப் பெட்டியில் போட்டால் அரைமணியில் உருகத் தொடங்கும். சார்ஜ் ஏறத் தொடங்கி 20 நிமிடம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். தூங்கப் போகும் முன் இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள்.

செயலிகளும் பணமும்

ஒவ்வொரு சார்ஜிங் நிறுவனத்துக்கும் தனிச் செயலி என்பது இந்தியாவின் பெரிய எரிச்சல். இந்தப் பாதைக்கு டாடா பவர் ஈ.இசட். சார்ஜ், கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸியோன், ஸ்டாட்டிக், சார்ஜ் ஸோன், ஜியோ-பி.பி. பல்ஸ் ஆகியவற்றை முந்தைய நாளே இறக்கி, ஓ.டி.பி. எல்லாம் முடித்து வையுங்கள். எங்கெங்கே சார்ஜர் உண்டு, கடைசியாகப் போட்டவர் என்ன எழுதினார் என்று பார்க்க ப்ளக்ஷேர் உதவும். நீங்கள் நிற்கத் திட்டமிட்ட நிறுவனங்களின் வாலட்டில் தலா 500 ரூபாய் போட்டு வையுங்கள். சில இடங்களில் செல்போன் சிக்னல் பலவீனமாக இருக்கும். அங்கே யு.பி.ஐ. சுற்றிக்கொண்டே நிற்கும், வாலட்டில் பணம் இருந்தால் தொடங்கிவிடலாம். டி.சி. சார்ஜுக்கு யூனிட் பெரும்பாலும் 18 முதல் 25 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.

செயலியில் பச்சை நிறம் தெரிந்தால் மட்டும் போதாது. அந்தச் சார்ஜரில் நேற்றோ இன்றோ யாராவது வெற்றிகரமாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கார் ஷோரூம் வளாகத்தில் உள்ள சார்ஜர்கள் பல இடங்களில் வேலை நேரத்தில் மட்டும்தான் திறந்திருக்கும், விடியற்காலைப் பயணத்துக்கு அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓட்டல் வளாகத்தில் உள்ளவையே சிறந்தவை. ஆள் இருப்பார், விளக்கு இருக்கும், கழிவறை இருக்கும். ஜெனரேட்டர் இருந்தாலும் அது பெரும்பாலும் சார்ஜருக்கு ஓடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு சார்ஜர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று நீங்கள் நிற்கப் போவது, இன்னொன்று அதற்கு 15, 20 கிலோமீட்டர் முன்போ பின்போ, முடிந்தால் வேறு நிறுவனத்துடையது. எதிர்ப்பக்கச் சாலையில் உள்ளதா என்றும் பார்த்துவிடுங்கள். நான்குவழிச் சாலையில் யூ-டர்னுக்கே 5 கிலோமீட்டர் போய்விடும்.

கணக்கு

அரசு சோதனைச் சான்றிதழில் இந்தக் காருக்கு 312 கிலோமீட்டர் என்று இருக்கும். அதை மறந்துவிடுங்கள். எஸ்.ஓ.ஹெச். 88 என்றால் 30.2-இல் 26.5 யூனிட் மிச்சம். 80 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 140 முதல் 150 வாட்-மணி செலவாகும் (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்). 100-இல் ஓட்டினால் 170-ஐத் தாண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் வரும் விலை அது. 100-லிருந்து 30 சதவீதம் வரை மட்டும் பயன்படுத்துவதாக வைத்தால் 18.5 யூனிட், அதாவது 80 வேகத்தில் 125 முதல் 130 கிலோமீட்டர். முதல் பயணத்துக்கு இதுதான் உங்கள் எல்லை.

30-ஐ அடிமட்டமாக வைப்பது அதீத பயம் என்று தோன்றலாம். ஒரு செல் வரிசை பலவீனமாக இருந்தால் அது தெரிவது கீழ்ப்பகுதியில்தான். 22 காட்டிக்கொண்டிருந்த திரை ஒரு மேட்டில் ஏறியதும் 9-க்குத் தாவும். காரைப் பழகியபின் 15 வரை இறங்கலாம், இன்று வேண்டாம்.

நில அமைப்பு உங்கள் பக்கம் இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர், சேலம் 280. ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் இந்த 620 மீட்டர் இறங்கும்போது கிடைக்கும் ஆற்றல் சுமார் 2.7 யூனிட், அதாவது பேட்டரியில் 10 சதவீதம். முழுவதும் கைக்கு வராது என்றாலும் பெரும்பகுதி செலவில் கழியும். கோவையிலிருந்து பெங்களூர் போகும்போது இதே அளவு கூடுதலாகச் செலவாகும். இறக்கத்தில் வந்த மைலேஜைப் பார்த்து ஏமாந்து, திரும்பும் பயணத்துக்கும் அதே கணக்கைப் போடாதீர்கள். பவானிக்குப் பிறகு கோவை வரை 200 மீட்டருக்கு மேல் மெதுவான ஏற்றம். கண்ணுக்குத் தெரியாது, ஒரு யூனிட்டைக் குடித்துவிடும்.

புறப்படும் நாள்

வாரநாளில், காலை 5.30-க்குள் கிளம்புங்கள். தொடர் விடுமுறை தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும் கிருஷ்ணகிரி, சேலம் ஓட்டல் சார்ஜர்களில் வரிசை நிற்கும். டயர் காற்று கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுக்கு, குளிர்ந்த நிலையில். விற்பனைக்காக நின்ற காரில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். ஒரு தாளில் 25 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிலோமீட்டரும் சதவீதமும் குறித்து வருவது உடன் வருபவரின் வேலை. திரையில் காட்டும் "மிச்ச தூரம்" பழைய உரிமையாளரின் ஓட்டுமுறையை வைத்துக் கணக்கிட்டது, சதவீதத்தை மட்டும் பாருங்கள்.

கிருஷ்ணகிரி, 90 கிலோமீட்டர். 100-இல் கிளம்பினால் இங்கே 55 முதல் 60 இருக்க வேண்டும். தேவையே இல்லையே, தருமபுரி வரை போகலாமே என்று தோன்றும். நிறுத்துங்கள். நெடுஞ்சாலையில் முதல் சார்ஜ் இங்கேதான். இங்கே ஏறாவிட்டாலும் 45 கிலோமீட்டரில் தருமபுரி, நிம்மதியாகப் போய்ச் சேரலாம். 85 வரை ஏற்ற 20 நிமிடத்துக்குள் ஆகும், ஒரு காபி நேரம். இங்கே வந்து சேரும்போது 50-க்குக் கீழே இருந்தால் பேட்டரி எதிர்பார்த்ததைவிட மோசம் அல்லது வேகம் அதிகம். அடுத்த கட்டத்துக்கு வேகத்தை 70-ஆகக் குறைத்து, தருமபுரியில் கூடுதலாக ஒரு நிறுத்தம் சேருங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் 110 கிலோமீட்டர். நடுவே தொப்பூர் கணவாய். லாரிகள் பிரேக் பிடிக்காமல் தொடர் விபத்துகள் நடக்கும் இறக்கம் அது. ரீஜென் பிரேக் (மோட்டாரையே ஜெனரேட்டராக்கி வேகத்தைக் குறைப்பது) காரை நன்றாகப் பிடிக்கும், பேட்டரியும் சற்றே ஏறும். ஆனால் பின்னால் வரும் லாரிக்கு உங்கள் கார் வேகம் குறைவது தெரிய வேண்டும், திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டுவிடாதீர்கள். சேலத்தில் 30 முதல் 35 சதவீதத்தில் சேர்வீர்கள். இதுதான் பெரிய நிறுத்தம். 85 வரை ஏற்ற 35 முதல் 40 நிமிடம், காலை உணவை இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து கோவை 165 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போக முயல வேண்டாம், 85 சதவீதத்தில் அதற்குப் பேட்டரி போதாது. சங்ககிரி, பவானி தாண்டி பெருந்துறையில் 40 சதவீதத்தோடு நின்று, 75 வரை 25 நிமிடம். அங்கிருந்து 80 கிலோமீட்டர், வீட்டில் 25 முதல் 30 மிச்சம். பயணம் வீட்டில் முடிவதால் இந்த ஒரு கட்டத்தில் மட்டும் 30-க்குச் சற்றுக் கீழே போகலாம். ஏ.சி. பற்றிப் பலர் அஞ்சுவார்கள். ஏ.சி. மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட்தான் எடுக்கும். ஏ.சி.யை அணைத்து வியர்க்க வேண்டாம், வேகத்தில் 10 கிலோமீட்டர் குறைத்தாலே ஏறக்குறைய அதே அளவு மிச்சமாகும்.

கன்னை மாட்டுவது முதல் கழற்றுவது வரை

1. சாக்கெட் பக்கம் சார்ஜரை நோக்கி இருக்குமாறு, நெக்ஸானில் பெரும்பாலும் பின்புறமாக ரிவர்ஸ் எடுத்து நிறுத்துங்கள். கேபிள் குட்டை, எடையும் அதிகம்.
2. காரை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு இறங்குங்கள். சார்ஜரில் உள்ள சிவப்பு அவசர பட்டன் யாரோ அழுத்திய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுற்றி விடுவித்து ஒரு நிமிடம் காத்திருங்கள்.
3. கன்னை நேராக, இறுதிவரை அழுத்துங்கள். தொடர்பு உறுதியாகும் வரை, அரை நிமிடம் போல, கன்னைக் கையால் சற்றே தாங்கிப் பிடியுங்கள். கேபிளின் கனம் கீழே இழுப்பதால் பின்கள் சரியாக ஒட்டாமல் போவது, தொடக்கத் தோல்விக்கு அடிக்கடி காரணம்.
4. செயலியில் சார்ஜர் எண்ணோடு கன் எண்ணையும் சரிபார்த்துத் தொடங்குங்கள். இரண்டு கன் உள்ள இடத்தில் பக்கத்துக் கன்னைத் தேர்ந்தெடுத்துவிடுவது எளிது.
5. காருக்குள் 'டக்' என்று கான்டாக்டர் விழும் சத்தம் கேட்கும். இரண்டு நிமிடம் நின்று கிலோவாட்டும் சதவீதமும் ஏறுவதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.
6. முடிக்கும்போது செயலியில் முதலில் நிறுத்துங்கள். கிலோவாட் பூஜ்யமானதும் காரைச் சாவியால் அன்லாக் செய்து கன்னை இழுங்கள்.

தொடங்காவிட்டால் கன்னைக் கழற்றி, காரைப் பூட்டி, இரண்டு நிமிடம் விடுங்கள். காரின் கணினி உறங்கி எழுந்தால் பெரும்பாலும் சரியாகும். மறுபடி தோற்றால் பக்கத்துக் கன். அதுவும் இல்லையென்றால் சார்ஜரில் ஒட்டியுள்ள உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அவர்களால் தொலைவிலிருந்தே சார்ஜரை மறுதொடக்கம் செய்ய முடியும், நேரடியாகவும் தொடங்கித் தர முடியும். மூன்று முயற்சிக்குப் பிறகு அங்கேயே போராடாமல் அடுத்த சார்ஜருக்குக் கிளம்புங்கள். பாதியில் மின்வெட்டு வந்தால் மின்சாரம் திரும்பியதும் தானாகத் தொடராது, நீங்கள்தான் மறுபடி தொடங்க வேண்டும். சாப்பாட்டு மேசையிலிருந்தே செயலியை அவ்வப்போது பாருங்கள்.

கன் கழற்ற வராவிட்டால் வலுவாக இழுக்காதீர்கள். சார்ஜ் முழுவதும் நின்றதா என்று பார்த்து, சாவியில் லாக், அன்லாக் இரண்டு முறை செய்து, கன்னை ஒருமுறை உள்நோக்கி அழுத்தி, பிறகு இழுங்கள். பூட்டுமுள்ளின் மேல் உள்ள அழுத்தம் நீங்கினால் வந்துவிடும்.

ஏப்ரல், மே மதியங்களில் வேகம் குறைவது இயல்பு. சூடேறிய பேட்டரியைக் காக்க கார் தானே மின்சாரத்தைக் குறைத்து வாங்கும். நிழலில் நிறுத்துங்கள். 85-க்கு மேல் டி.சி.யில் ஏற்றுவது வீண், கடைசி 15 சதவீதத்துக்கு ஆகும் நேரத்தில் அடுத்த நிறுத்தத்தில் இருமடங்கு ஏறும். வரிசையில் ஆள் நின்றால் அது மரியாதையும் அல்ல.

எல்லாம் கைவிட்டால்

எந்தச் சார்ஜரும் ஏறவில்லை, திரையில் 15 என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் தொடராதீர்கள். அருகில் உள்ள ஊருக்குள் திரும்புங்கள். லாட்ஜ், ரைஸ் மில், லேத் பட்டறை, வெல்டிங் கடை ஆகியவற்றில் 15 ஆம்ப் பிளக்கும் ஓரளவு நல்ல எர்த்தும் இருக்க வாய்ப்பு அதிகம். சில பட்டறைகளில் நீல நிற வட்ட இண்டஸ்ட்ரியல் சாக்கெட் இருக்கும். அதிலிருந்து மூன்று-பின்னுக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும், டிக்கியில் போட்டு வையுங்கள். கேட்கும்போது "கரன்ட் எவ்வளவு இழுக்குமோ" என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். "அயர்ன் பாக்ஸ் மூன்று போட்ட மாதிரி, மூன்று மணி நேரத்துக்குப் பத்து யூனிட்" என்று சொல்லி, 200 ரூபாயை முன்னதாகவே கொடுங்கள். மூன்று மணி நேரத்தில் ஏறும் 30 சதவீதத்தில் 70 வேகத்தில் 55 கிலோமீட்டர் போகலாம், அடுத்த பெரிய ஊருக்கு அது போதும்.

நின்றே போய்விட்டால் நான்கு சக்கரமும் தரையைத் தொடாத பிளாட்பெட் வண்டியில்தான் ஏற்ற வேண்டும். முன்சக்கரம் சுழல இழுத்தால் மோட்டார் ஜெனரேட்டராகி மின்னணுப் பகுதிகளைக் கெடுக்கும். கயிறு கட்டி இழுக்க வருபவரிடம் கறாராக மறுத்துவிடுங்கள். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இன்னும் செல்லுமா, உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்து எண்ணைக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

வீடு வந்து சேர்ந்த வாரம்

குறித்து வந்த தாளை வைத்துப் பேட்டரியின் உண்மை அளவைக் கணக்கிடலாம். சேலத்தில் 31-லிருந்து 85 ஏற்ற 14.9 யூனிட் பில் வந்ததென்றால், வழியில் வீணாகும் 5 சதவீதத்தைக் கழித்து 14.15. அதை 0.54-ஆல் வகுத்தால் 26.2 யூனிட். 26-க்கு மேல் என்றால் நல்ல பேட்டரி. 23-க்குக் கீழே வந்தால், 100 வரை மெதுவாக இரண்டு முறை ஏற்றியபின் மறுபடி அளந்து, அப்போதும் அதே என்றால் உத்தரவாதக் காலத்திலேயே சர்வீஸ் சென்டரில் புகார் பதியுங்கள்.

வீட்டில் சார்ஜுக்கென்று மீட்டர் பலகையிலிருந்து தனி லைன் இழுங்கள்: 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, 20 ஆம்ப் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிப்பது), நல்ல தரமான 16 ஆம்ப் சாக்கெட், அளந்து பார்த்த எர்த். அது தயாராகும் வரை வாஷிங் மெஷின் பாயின்ட்டில் போட நேர்ந்தால், அதே லைனில் கீசரையோ மோட்டாரையோ சேர்த்து ஓட விடாதீர்கள். பழைய உரிமையாளரின் செல்போனில் உள்ள காரின் செயலி இணைப்பையும் ஃபாஸ்டேக்கையும் அதே வாரத்தில் மாற்றிவிடுங்கள். இணைப்பு அவரிடமே இருந்தால், கார் எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.